காவலாளி வேலையா, லாட்ஜ் வரவேற்பு மேசையா?

வயது 56, பத்தாண்டுச் சர்க்கரை, படியேறினால் வலிக்கும் முழங்கால். வேலூர்ப் பக்கம் இப்படிப்பட்டவருக்குச் சட்டென்று கிடைப்பவை இரண்டு: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆலைக் காவல், அல்லது சி.எம்.சி. மருத்துவமனை அருகே லாட்ஜ் வரவேற்பு மேசை.

காவலுக்குப் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்ட். இரவுப் பணியில் சாப்பாட்டு நேரம் தலைகீழாகும்; இன்சுலின் போடுபவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கை நடுங்கும் அபாயம் உண்டு. பாதம் மரத்துப்போனவருக்குக் கனத்த பூட்ஸுக்குள் கொப்புளம் வந்தாலும் தெரியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையடியில் பகல் ஷிப்டும் சுகமில்லை. இருந்தாலும் பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் முறையாக நடக்கும் வேலையை லேசில் தள்ளிவிட முடியாது. பி.எப். பிடித்தத்தோடு 10 ஆண்டுச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் சிகிச்சையைத் தொடரலாம். தனியார் காப்பீட்டில் இந்த விலைக்கு விண்ணப்பப் படிவம்கூடக் கிடைக்காது!

லாட்ஜில் நாற்காலி, மின்விசிறி. வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளிடம் பேச நாலு வார்த்தை இந்தி போதும். லிப்ட் இல்லையென்றால் சாவியோடு மூன்று மாடி ஏறச் சொல்வார்கள். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எட்டு ஆண்டுப் பி.எப். கையில் உள்ளவர் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கி, ஆலையிலேயே பத்தை முடிக்கட்டும். பாதம் மரத்தவருக்கு லாட்ஜ்தான். சம்பளம் குறைந்தாலும் சரி.