பச்சைக் கதவும் மூன்றடுக்கு ரேக்கும் உள்ள அந்தப் படம் என் வீட்டுக் காரிடார்

காரிடாரில் பூந்தோட்டம் அமைத்துத் தருவதாக ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சைக் கதவு, அதன் பக்கத்தில் மூன்றடுக்கு இரும்பு ரேக், ரேக் முழுக்க ரோஜா, செவ்வந்தி, மல்லிகை. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது என் வீட்டுக் கதவு. போன வருடம் ஜூன் மாதம், அந்த விளம்பரத்தைப் போடும் தம்பி என் வீட்டில் தொட்டிகளை இறக்கி வைத்த அன்றைக்கு எடுத்த படம். அதில் தெரிகிற பன்னிரண்டு செடிகளில் ஒன்பது செத்துப்போயின. ஒன்றை நானே தூக்கிப் போட்டேன். போன வாரம் என் தோழி ஒருத்தி அதே படத்தை எனக்கே அனுப்பி, "இவரிடம் வாங்கலாமா?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சிங்கப்பூரில், யீஷூனில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். மாமா தவறிய பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டார். செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பில் வளர்ந்தவர். வாசலில் மல்லிகைப் பந்தல் இருந்ததை இன்றைக்கும் சொல்வார். சாமிக்குப் பூ இல்லாமல் அவருக்கு வெள்ளிக்கிழமை விடியாது. வாராவாரம் தேக்காவுக்குப் போய் பஃப்ளோ ரோட்டில் பூ வாங்கி வருவோம். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. கதவைத் திறந்தால் ஒரு கைப்பிடி பூவாவது பறிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் அதுவரை நான் ஒரு துளசிச் செடிகூட வைத்ததில்லை. மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அந்தத் தம்பிக்கு முதல் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பன்னிரண்டு தொட்டி, மண், ரேக் எல்லாம் சேர்த்து. மூன்று மாத உத்தரவாதம். "அக்கா, நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க, வருஷம் முழுக்கப் பூக்கும்" என்றார். மல்லிகைக்கு மட்டும் தனியாகப் பணம் கேட்டார். மதுரையிலிருந்து விமானத்தில் வந்த அசல் மதுரை மல்லியாம், செடிக்கு 60 வெள்ளி, இரண்டு செடி. அத்தையின் முகத்தைப் பார்த்தேன், சரி என்றேன். 600 வெள்ளியையும் பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் அவருடைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரலைத்தான் ரசீதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்த அன்று காலை பத்து மணி இருக்கும். காரிடாரில் நல்ல வெயில். ரேக்கை வைத்தார், தொட்டிகளை அடுக்கினார், படம் எடுத்தார், போய்விட்டார். அரை மணி நேரம்கூட இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு வெயில் வரும், வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, எதையுமே கேட்கவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒரு வேளை தவறவில்லை.

ரோஜாதான் முதலில் போனது. நாலு வாரத்துக்குள் இலை மஞ்சளாகிக் கொட்டி, தண்டு கறுத்துவிட்டது. செவ்வந்தியில் இருந்த பூ வாடியது, அடுத்த மொட்டு வரவேயில்லை. படம் எடுத்து அனுப்பினேன். ஒரு டானிக் இருக்கிறது, போட்டால் சரியாகிவிடும் என்றார். லேபிள் இல்லாத பாட்டில், ஒன்று 28 வெள்ளி. இரண்டு வாங்கினேன். அப்புறம் செம்பருத்தியும் இட்லிப்பூவும் தலை தொங்க ஆரம்பித்தன. மறுபடி கூப்பிட்டபோதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சில பேருக்குக் கைராசி இருக்காது."

600 வெள்ளி போனதைவிட எனக்கு இதுதான் வலித்தது. நம் வீடுகளில் கைராசி என்பது சின்ன வார்த்தை இல்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவரே எழுந்து வந்தார், அந்த முழங்காலோடு. நான் ஊற்றினால் செத்துவிடும் என்று அவரும் நம்பிவிட்டார், நானும் நம்பிவிட்டேன். அவர் ஊற்றியும் செடி செத்தது.

ஆகஸ்டில் கொசு சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளைப் பார்த்தார், காய்ந்திருந்தன. அப்புறம் ஒரு ரோஜாத் தொட்டியைப் பிடித்து லேசாக அசைத்தார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். மேல் மண்ணை விலக்கி உள்ளிருந்ததைத் தூக்கினால், நர்சரியில் வருகிற மெல்லிய கறுப்புத் தொட்டி அப்படியே வந்தது. அந்தத் தம்பி செடியை மாற்றி நடவேயில்லை. அழகான வெளித் தொட்டிக்குள் கறுப்புத் தொட்டியைச் செருகி, மேலே இரண்டு விரல் மண்ணைத் தூவி மறைத்திருந்தார். வெளித் தொட்டியின் அடியில் ஓட்டையே இல்லை. நான் இரண்டு வேளையும் ஊற்றிய தண்ணீர் முழுக்க அடியில் தேங்கி, டார்ச் அடித்துப் பார்த்தபோது அதில் புழு நெளிந்தது. 200 வெள்ளி அபராதம் கட்டினேன். அந்த அதிகாரி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். இந்த ஊரில் டெங்கி எப்படிப் பரவும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். பக்கத்து வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

அந்தப் பிள்ளையை நினைக்கும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் ஒன்று அரளி. "கோயில் பூ அக்கா, சாமிக்கு நல்லது" என்று கொடுத்தார். அரளி சாமிக்கு உகந்ததுதான். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். பொதுக் காரிடாரில், குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் அதை வைத்துவிட்டு, விஷம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். நான் தூக்கிப் போட்டது அதைத்தான்.

செத்த செடிகளை மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோனபோது, புளோக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் வேலை செய்யும் மலாய்க்கார அம்மா ஒருவர், மக்சிக் என்று அழைப்போம், என்னை நிறுத்தினார். மூட்டையைப் பிரித்து ஒரு ரோஜாவின் வேரை விரலால் உருவினார். கையோடு தோல் கழன்று வந்தது. அழுகல் வாடை. "இது தண்ணீரில் மூழ்கிச் செத்தது" என்றார். அன்று மாலையே மேலே வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இங்கே வெயில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தைக்கு மலாய் நன்றாக வரும், அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் காரிடார் வடக்குப் பார்த்தது. நம் தீவு பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம்தான் வடக்கே இருக்கிறது. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. ஜூனில் எங்கள் காரிடாரில் அடித்த வெயில் வருடம் முழுக்க வருகிற வெயில் இல்லை. "செப்டம்பர் முடிந்தால் இங்கே வெயில் இருக்காது, பார்" என்றார் மக்சிக். அப்படியேதான் ஆனது. அக்டோபர் முழுக்க ரேக்கின் மேல்தட்டில்கூட ஒரு கீற்று விழவில்லை. கீழ்த்தட்டுக்கு ஜூனில்கூட வெயில் கிடையாது, கட்டைச் சுவர் மறைக்கும். ரோஜா, மல்லிகை, செம்பருத்திக்கெல்லாம் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பூக்கவே முடியாத இடத்தில் வைத்துவிட்டு, பூக்கவில்லை என்றதும் என் கையைக் குறை சொன்னார்.

செவ்வந்தி மொட்டு விடாததற்குக் காரணம் வேறு. அது நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டுக் கட்டும் செடி. எங்கள் காரிடாரில் இரவு முழுக்க விளக்கு எரிகிறது. விற்கிறவர்கள் இருட்டை அளந்து கொடுத்து மொட்டு வரவழைத்து அனுப்புகிறார்கள், நாம் வாங்குவது அந்த ஒரு தடவைப் பூவை. சீனப் புத்தாண்டுக்கு அழகுக்காக வாங்குகிறவர்களுக்கு அது தெரியும், பூ முடிந்தால் கவலைப்பட மாட்டார்கள். வருஷம் முழுக்கப் பூக்கும் என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

மதுரை மல்லிக்கு வருகிறேன். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர வேண்டுமென்றால் இங்கே தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அந்தத் தாள் இருக்கிறதா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். அந்த ஒரு செய்திக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. மக்சிக் பூவை முகர்ந்து பார்த்து, "இது மெலூர்" என்றார். மலாய்க்காரர்கள் காலங்காலமாக வளர்க்கும் நம் ஊர் மல்லிகை. நர்சரியில் அதே அளவுச் செடி 8 வெள்ளிக்குக் கிடைத்தது. வாசனையில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அத்தைக்குத்தான் ஏமாற்றம். மதுரை மண்ணில் முளைத்தது என்று அதைத் தொட்டுக் கும்பிட்டிருந்தார்.

ரேக்கும் தவறாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. காரிடாரில் தீ விபத்துக்கு ஓட 1.2 மீட்டர் வழி விட வேண்டும், எங்களுக்கு மீதி இருந்தது அதைவிடக் குறைவு. நகர மன்றத்தின் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்ட பிறகுதான் அளந்து பார்த்தேன்.

செப்டம்பர் முதல் வாரம், உத்தரவாதம் முடிய இன்னும் நாள் இருக்கும்போதே, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நாளை வருகிறேன், ஞாயிறு வருகிறேன் என்று இழுத்தார். மூன்று மாதம் முடிந்த மறுநாள், "உத்தரவாதம் முடிஞ்சிருச்சே அக்கா" என்று செய்தி வந்தது. சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போவேன் என்று எழுதியதும் 150 வெள்ளி அனுப்பினார், அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அந்த மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வக்கீல் இல்லாமலே நடத்தலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், விளம்பரத்தில் அவர் போட்டுக்கொண்ட கடைப் பெயரும்தான். அந்தப் பெயரில் ஒரு வணிகமும் பதிவாகவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பு ஐந்து நிமிடம் செலவழித்துத் தேடியிருந்தால் இது தெரிந்திருக்கும். தயவுசெய்து நீங்கள் தேடிப் பாருங்கள். வணிகப் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணைக் கேளுங்கள், பேநவ் அந்த எண்ணுக்குப் போகட்டும், கைப்பேசிக்குப் போக வேண்டாம். வாங்கும்போது தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். செடியை உருவிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்க மாட்டார், நான் பிறகு போன நர்சரியில் கேட்காமலே காட்டினார்கள்.

புதிதாகச் செடி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு காசும் செலவழிக்காமல், ஒரு வாரம் காரிடாரில் வெயில் வரும் நேரத்தை எழுதி வையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பேட்டையில் இருக்கும் சமூகத் தோட்டத்துக்குப் போங்கள். தேசிய பூங்காக் கழகம் 2005-ல் கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தீவு முழுக்க இப்படித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே மண்ணில் கை வைத்திருப்பவரிடம் கேட்டால் சும்மாவே சொல்லித் தருவார்கள். எனக்கு மக்சிக் சொன்னது கனகாம்பரம். நேர் வெயில் குறைவாக இருந்தாலும் வெளிச்சம் இருந்தால் பூக்கும் என்றார். மூன்று தொட்டி வைத்தேன், ஓட்டை உள்ள தொட்டி, விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஜனவரியில் பூத்தது. பிழைத்த இரண்டு மல்லிகையும் இப்போது கீழே மக்சிக்கின் பாத்தியில், முழு வெயிலில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ப் பறித்து வருகிறேன், அத்தை கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார். கைராசி பற்றி அவர் திரும்பப் பேசவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை என்னிடமே விட்டுவிட்டார்.

இந்தத் தம்பியிடம் நீங்களும் வாங்கியிருந்தால், முகவரியோ முழுப் பெயரோ உள்ள ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். சிறு கோரிக்கை மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். எனக்கு அடுத்த வருடம் ஜூன் வரை நேரம் இருக்கிறது.