"உங்களுக்கென்றே வரைந்த ஃபான்ட்" என்று சொல்லி 15,000 ரூபாய் வாங்கினார்கள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போர்டு மாற்றும்போது தடிமனான, சதுரவாட்டமான, மெஷினுக்குப் பொருந்துகிற மாதிரி எழுத்து வேண்டும் என்று ஒரு டிசைன் ஆபீஸில் கேட்டேன். லோகோவுக்கு 6,000 ரூபாய். அப்புறம், "உங்க கம்பெனிக்குன்னே புதுசா வரையற ஃபான்டுங்க, வேற யார்கிட்டயும் இருக்காது" என்று தனியாக 15,000. பில்லிலும் ஃபான்ட் உருவாக்கக் கட்டணம் என்றே போட்டிருக்கிறார்கள். நம்பிக் கொடுத்தேன்.

பத்து நாளில் எங்கள் கம்பெனி பெயரிலேயே ஒரு டிடிஎஃப் ஃபைல், அதாவது ஃபான்ட் ஃபைல், வந்தது. அக்ரிலிக் எழுத்து வெட்டும் தம்பியிடம் கொண்டுபோனேன். இன்ஸ்டால் செய்துவிட்டு, கோரல்டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரின் ஃபான்ட் பட்டியலில் எங்கள் பெயரைத் தேடினார். இல்லை. "அண்ணா, இது ஆர்பிட்ரான் தானுங்களே. கூகுள் ஃபான்ட்ஸ்ல சும்மாவே கிடைக்குமுங்க" என்றார். ஃபைலின் பெயரை மாற்றினாலும் உள்ளே பதிந்த பெயர் மாறாதாம். ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸைத் திறந்து காட்டினார். காப்பிரைட் 2009, மேட் மெக்கினர்னி. ஆர்பிட்ரானை வரைந்தவர் அவர்தான். படித்ததும் வயிறு எரிந்தது.

ஆர்பிட்ரான் நல்ல ஃபான்ட், அதன்மேல் குறையே இல்லை. எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வெளியானது. போர்டு, லோகோ, விசிட்டிங் கார்டு என்று எதற்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதை வைத்து லோகோ செய்து கூலி வாங்குவதும் தப்பில்லை. ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்று லைசென்ஸிலேயே இருக்கிறது. போன் செய்தால், "நாங்க மாத்தியிருக்கோம்" என்றார்கள். அவர்கள் தந்ததையும் அசல் ஆர்பிட்ரானையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம், ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாற்றியிருந்தாலும் அதே லைசென்ஸில்தான் தந்தாக வேண்டும். "உங்களுக்கு மட்டும்" என்று சொல்ல வழியே கிடையாது.

பணத்தைவிட எனக்கு வலித்தது தமிழ் எழுத்து. ஆர்பிட்ரானில் தமிழே கிடையாது. அதனால் 'பணிமனை' என்பதை விண்டோஸில் இருக்கும் லதா என்ற தமிழ் ஃபான்டில் அடித்து, சுற்றி அவுட்லைன் ஏற்றித் தடிப்பாக்கியிருந்தார்கள். ண-வின் சுழிகள் அடைத்துப்போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் அது ண-வா ன-வா என்றே தெரியவில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்தே வரைந்த கேட்டமரான் என்ற ஃபான்ட், ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்துப் போடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஃபான்டுக்கென்று தனியாகக் காசு கேட்டால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஃபைலை வாங்கி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்யுங்கள். என்ன பெயரில் வருகிறது என்று பாருங்கள். லைசென்ஸை எழுத்தில் கேளுங்கள்.

இதுவரை 4,000 திரும்பி வந்திருக்கிறது. மீதியைக் கேட்டால் போனை எடுப்பதில்லை. தமிழ் எழுத்தை மட்டும் கேட்டமரானில் மறுபடி வெட்டக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாட்டுகிறோம்.