18 டிகிரியில் நிற்கிறதா? எங்கள் பிஓடி இன்குபேட்டர் பற்றி

பீன்ஸ் செடியில் ஹேலோ பிளைட் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை வளர்க்கத்தான் இந்த 250 லிட்டர் பிஓடி இன்குபேட்டரை, அதாவது குளிரூட்டி வைத்த டிகிரியிலேயே வைத்திருக்கும் வளர்ப்புப் பெட்டியை, வாங்கினோம். உள்நாட்டுத் தயாரிப்பு. உள்பக்கம் ஸ்டீல், இரட்டைக் கதவு, காற்றைச் சுழற்ற ஒரு ஃபேன். வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றைத்தான்: 18 டிகிரி வைத்தால் 18-லேயே நிற்குமா?

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த இந்தப் பாக்டீரியா ஃபேசியோலோடாக்சின் என்ற நச்சைக் குளிர்ச்சியில்தான் தயாரிக்கும். 18 முதல் 20 டிகிரியில் அதற்கான மரபணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும்; 28 டிகிரியில் அடங்கிவிடும். ஆனால் பாக்டீரியா வேகமாகப் பெருகுவது அந்த 28-ஐ ஒட்டித்தான். அதனால் பெட்டிக்குள் சூடு ஏறியிருந்தாலும் பாக்டீரியா வளரும் பெட்ரி தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலனிகள், அதாவது பாக்டீரியாத் திட்டுகள், கொழுகொழுவென்று இருக்கும், நச்சு மட்டும் இருக்காது. வயலிலும் இப்படித்தான்: குளிர்ந்த நாட்களில் இலைப்புள்ளியைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையம் அகலமாகத் தெரியும், வெயில் ஏறினால் வளையம் சரியாக வராது.

நச்சு முடக்குவது அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை. அந்த நொதி பாக்டீரியாவுக்கும் வேண்டுமே? அதற்காகவே ஆர்க்-கே என்ற மரபணு வழியாக, நச்சுக்கு மசியாத இன்னொரு நொதியை அது செய்துகொள்கிறது. அதுவும் குளிரில்தான். ஆயுதத்தையும் கவசத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் இந்த ஒழுங்கு எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். டிஸ்ப்ளேயை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய பீக்கரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஒவ்வோர் அடுக்கிலும் வைத்துப் பார்த்தேன். நடு அடுக்கில் 18 அசையவில்லை. மேல் அடுக்கில், டிஸ்ப்ளே 18 காட்டும்போதே, 21-ஐத் தொட்டது. இது சோதனையிலும் தெரிந்தது. பாக்டீரியாவைப் புள்ளியாக வைத்து வளர்த்து, அதைக் கொன்றபின் மேலே ஈ. கோலை என்ற வேறொரு பாக்டீரியா கலந்த அகாரை (ஜெல்லி போன்ற வளர்ப்புப் பொருளை) ஊற்றி 37 டிகிரியில் வைப்போம். நச்சு இருந்தால் புள்ளியைச் சுற்றி ஈ. கோலை வளராமல் தெளிவான வட்டம் விழும். அர்ஜினின் சேர்த்து ஊற்றினால் அந்த வட்டம் விழாது. அதிலிருந்து நம் நச்சுதான் என்று தெரிந்துவிடும். நடு அடுக்கில் வளர்ந்த தட்டுகளில் வட்டம் பளிச்சென்று விழுந்தது. மேல் அடுக்கில் சிறுத்துப் போனது. இப்போது மேல் அடுக்கில் ஊடகப் (பாக்டீரியாவுக்கான உணவுக் கலவை) பாட்டில்களை மட்டும் வைக்கிறேன்.

கரண்ட் போய் வந்தாலும் வைத்த டிகிரியை மறக்காமல் அதிலேயே ஓடுகிறது. இதற்கு முன் இருந்த வேறொரு கம்பெனிப் பெட்டி, கரண்ட் வந்ததும் தானாக 37-க்குப் போய்விடும். ராத்திரியில் அப்படி ஆனால் மொத்த வேலையும் போச்சு. அந்த ஒரு வசதிக்காகவே இதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் கண்ணாடிக் கதவில் நீர் கோத்துக் கீழ் அடுக்கில் சொட்டுகிறது, தட்டுகளைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலம் சுற்றித்தான் வைக்க வேண்டும். சத்தமும் அதிகம். சர்வீஸ் ஆள் வர ஒரு வாரம் இழுத்தடித்தார்கள், வந்தவர் மட்டும் பொறுமையாக அளவு சரிபார்த்துக் கொடுத்தார்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. நெற்கதிரைத் தாக்கும் பர்க்ஹோல்டேரியா குளூமே பாக்டீரியாவில் வேலை செய்பவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டாம். அதன் டாக்சோஃப்ளேவின் நச்சு 37 டிகிரியை ஒட்டிய சூட்டில் நன்றாக வரும், ஊடகமே மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அங்கே நச்சைத் தொடங்கி வைப்பது பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்ததும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் சைகை. சாதாரண இன்குபேட்டரே போதும். குளிரில் நச்சு காட்டும் வகைகளை வளர்ப்பவர்கள் மட்டும் இதை வாங்குங்கள். கொட்டேஷன் கேட்கும்போதே ஸ்டெபிலைசரையும், அடுக்கடுக்காக அளந்து தரும் சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் தனி விலை சொல்வார்கள்.