ஹைட்ரஜன் பிணைப்பா, லண்டன் விசையா: மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைப்பது எது?

மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அடுக்கிக் காட்டுகின்றன: ஹைட்ரஜன் பிணைப்பு (ஆக்சிஜன், நைட்ரஜன், புளூரின் போன்ற அணுவோடு இணைந்த ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் அத்தகைய அணுவை ஈர்ப்பது) மிக வலியது, இருமுனை ஈர்ப்பு (ஒரு முனை நேர் மின்னேற்றமும் மறுமுனை எதிர் மின்னேற்றமும் சாய்ந்த மூலக்கூறுகளுக்கு இடையே எழுவது) அதற்கு அடுத்தது, லண்டன் விசை (எலக்ட்ரான்களின் கணநேர அசைவால் எழுவது) எல்லாவற்றிலும் மெலியது. இதை மனப்பாடம் செய்த மாணவர், எந்தப் பொருளின் கொதிநிலையைப் பற்றிக் கேட்டாலும், அதில் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டா என்று மட்டுமே தேடுகிறார். ஓரிடத்தில் நிகழும் ஒற்றைத் தொடுகையை அளந்தால் இந்த வரிசை சரிதான். ஆனால் ஒரு மூலக்கூறு தன் அண்டை மூலக்கூறுகளுடன் கொள்ளும் மொத்த ஈர்ப்பைக் கணக்கிட்டால், மிகப் பல பொருள்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

ஹைட்ரஜன் பிணைப்பு, லண்டன் விசை இரண்டுமே, ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களை இணைக்கும் சகப்பிணைப்பின் முன் சிறியவை என்பதை முதலில் குறித்துக்கொள்வோம். நீரில் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோ ஜூல் வேண்டும். இரு நீர் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஹைட்ரஜன் பிணைப்புக்கோ 20 கிலோ ஜூல் அளவே போதும். நீர் கொதிக்கும்போது விடுபடுவது இரண்டாவது வகை மட்டுமே. எனவே மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு வலுக்க வலுக்கக் கொதிநிலையும் உயரும்.

ஹைட்ரஜன் பிணைப்பின் தரப்பில் சான்றுகள் வலுவானவை. ஹைட்ரஜன் சல்பைடு −60 °C இலேயே கொதித்துவிட, அதைவிட எடை குறைந்த நீர் 100 °C வரை திரவமாகவே நிற்கிறது. ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட எத்தனால் 78 °C இலும், டைமெத்தில் ஈதர் −24 °C இலும் கொதிக்கின்றன. ஆனால் இந்தத் தரப்புக்குள்ளேயே ஒரு நுட்பம் இருக்கிறது. தனித்தனியாக ஒப்பிட்டால் ஹைட்ரஜன் புளூரைடின் ஹைட்ரஜன் பிணைப்பு நீருடையதைவிட வலியது. இருந்தும் அது 19.5 °C இல் கொதித்துவிடுகிறது. நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சகப்பிணைப்பில் ஈடுபடாத இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகளும் இருப்பதால் அது நான்கு பிணைப்புகள் வரை ஏற்படுத்த முடியும். ஹைட்ரஜன் புளூரைடுக்கு வழங்குவதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் உண்டு. வலிமையைப் போலவே எண்ணிக்கையும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை ஹைட்ரஜன் பிணைப்பே நமக்குக் காட்டித் தருகிறது.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால் லண்டன் விசைக்கு இணையில்லை. 1930 இல் பிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு விளக்கிய இவ்விசை, எலக்ட்ரான் முகிலில் கணநேரம் தோன்றும் இருமுனை பக்கத்து மூலக்கூறிலும் ஓர் இருமுனையைத் தூண்டுவதால் பிறப்பது. எலக்ட்ரான் உள்ள எதற்கும் இது உண்டு. தனி அணுக்களாகவே உலவும் ஹீலியம் −269 °C இலும் செனான் −108 °C இலும் திரவமாவது இவ்விசை ஒன்றால்தான். பெரிய எலக்ட்ரான் முகில் எளிதில் முனைவாகும் என்பதால் இரண்டுக்கும் இடையே இத்தனை வேறுபாடு. ஹைட்ரஜன் குளோரைடையும் ஹைட்ரஜன் அயோடைடையும் அடுத்தடுத்து வைத்தால் இது இன்னும் தெளிவாகும். முன்னதன் இருமுனைத் திருப்புத்திறன் (இருமுனையின் வலிமையைக் காட்டும் அளவு) 1.08 டிபை, பின்னதுக்கு 0.44 மட்டுமே; ஆனாலும் முன்னது −85 °C இலும் பின்னது −35 °C இலும் கொதிக்கின்றன. நிலையான இருமுனையே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 °C இல் கொதிக்க, இருமுனை உடைய குளோரோபார்ம் 61 °C இலேயே கொதித்துவிடுகிறது.

இவ்விரு விசைகளையும் ஒரே தராசில் நிறுத்த, எலக்ட்ரான் எண்ணிக்கை சமமான இணைகளைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி என்பேன். அப்போது இணையின் இரு பொருள்களிலும் லண்டன் விசை ஏறத்தாழ ஒத்திருக்கும். ஈத்தேன், மெத்தனால் இரண்டிலும் 18 எலக்ட்ரான்கள்: கொதிநிலைகள் −89 °C, 65 °C. வேறுபாடு 154 டிகிரி, அதன் பெரும்பங்கு ஹைட்ரஜன் பிணைப்புக்கே உரியது. நோனேன், 1-ஆக்டனால் இரண்டிலும் 74 எலக்ட்ரான்கள்: 151 °C, 195 °C. வேறுபாடு 44 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. மெத்தனாலிலும் ஆக்டனாலிலும் ஹைட்ரஜன் பிணைப்பைத் தரும் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை) அதே ஒன்றுதான். அதன் ஹைட்ரஜன் பிணைப்பும் மெலிந்துவிடவில்லை. நீண்ட கார்பன் சங்கிலி நெடுகிலும் சேர்ந்த லண்டன் ஈர்ப்பு அதன் பங்கைச் சிறிதாக்கிவிட்டது.

திசை என்ற அளவுகோலில் மட்டும் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் போட்டியே இல்லை. கொடுக்கும் அணு, ஹைட்ரஜன், ஏற்கும் அணு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும்போதுதான் அது வலுப்பெறுகிறது. இந்தக் கட்டுப்பாட்டால்தான் பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டைகளுடன் இடைவெளி மிக்க சட்டகமாக அமைகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் அதனால்தான். லண்டன் விசைக்கு இத்தகைய திசைக் கண்டிப்பு இல்லை, நெருக்கம் மட்டுமே வேண்டும். தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அதன் ஈர்ப்பாற்றல் குறைந்துவிடுவதால், அண்டை மூலக்கூறுகளை அதிகப் பரப்பில் நெருங்கித் தொடும் நீண்ட பென்டேன் 36 °C இல் கொதிக்க, அதே வாய்பாடு கொண்ட உருண்டை வடிவ நியோபென்டேன் 9.5 °C இல் கொதிக்கிறது.

டி.என்.ஏ. இரட்டைச் சுருளில் இவ்விரு விசைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதன் இரு இழைகளையும் இணைக்கும் காரங்கள் எனப்படும் உறுப்புகளில், அடினைனுக்குத் தைமினும் குவானினுக்குச் சைட்டோசினும் என்ற தேர்வைச் செய்வதில் திசை அறிந்த ஹைட்ரஜன் பிணைப்புக்கே முதன்மை. ஆனால் பிரிந்து நிற்கும் காரங்கள் சுற்றியுள்ள நீருடனும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளக்கூடியவை என்பதால், இணைவதால் கிடைக்கும் நிகர ஆற்றல் ஆதாயம் சிறிது. சுருள் குலையாமல் நிற்பதில் பெரும்பங்கு, தட்டையான காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது எழும் ஈர்ப்புக்கு உரியது. அதில் லண்டன் விசை முக்கிய உறுப்பு.