கியர்பாக்ஸ் சர்வீஸ் என்று 46,000 ரூபாய் போச்சு: மில் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். காங்கேயம் பக்கம் சின்னத் தேங்காய் எண்ணெய் மில் எங்களுடையது. கொப்பரையைப் பிழியும் எக்ஸ்பெல்லரின் கியர்பாக்ஸில், புல்லி மாட்டியிருக்கும் ஷாஃப்ட் பக்கம் ஆயில் கசிந்தது. மெஷின் வேலைக்கு ஆள் அனுப்பும் ஆன்லைன் தளம் ஒன்றில் வருடாந்திரப் பராமரிப்புக்குப் பதிவு செய்தேன். 46,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

வந்த ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பாக்ஸைப் பளிச்சென்று துடைத்து, டால்கம் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முதலில் எங்கே ஈரமாகிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். கசிவு பார்க்க அது சரியான முறைதான். "சீல்தாங்க போயிருக்கு. ஷாஃப்ட்ல ஒரு கோடு இல்ல, நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். சீல் என்பது ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். கொப்பரை லோடு வந்துவிட்டது, நான் இறக்கப் போனேன். திரும்பி வந்தால் வேலை முடிந்து, அறிக்கையே தயார். சீல் மாற்றியது, விஜி 320 கியர் ஆயில் முழுவதும் மாற்றியது, பிரீதர் (பாக்ஸுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் மூடி) சுத்தம் செய்தது என எல்லாவற்றுக்கும் டிக்.

அந்த வாரமே மறுபடி கசிவு, முன்பைவிட அதிகமாக. போன் செய்தால் "டிக்கெட் போட்டாச்சு சார்". அடுத்து "போட்டோ அனுப்புங்க". அனுப்பினேன். "டெக்னீஷியன் லீவு". கடைசியில் ஒரு அம்மணி சொன்னது: "உங்க ஷாஃப்ட் தேஞ்சிருக்கு, அது ஒப்பந்தத்துல வராது." ஒரு கோடுகூட இல்லை என்று சொன்னதே அவர்கள் அனுப்பிய ஆள்தானே! அதைச் சொன்னதும் லைன் கட்.

உள்ளூர் லேத்துக்காரரை வரவழைத்தேன். பார்த்ததும் சொன்னார்: "ஏனுங்க, புல்லியக் கழட்டவே இல்லீங்களே!" புல்லியைக் கழற்றாமல் அந்த சீலை வெளியே எடுக்கவே முடியாது. புல்லியை ஷாஃப்டோடு பிணைக்கும் கீ மேல் பழைய துரு அப்படியே இருந்தது. பழைய சீலைச் சுற்றி சிலிகான் பேஸ்ட் அப்பியிருந்தார்கள். ஆயிலைத் திறந்துவிட்டால் தார் மாதிரி கறுப்பு. புதிதாகக் கொஞ்சம் மேலே ஊற்றி, மார்க்கைத் தாண்டி நிரப்பியிருக்கிறார்கள். பிரீதரில் கொப்பரைத் தூளும் பிசுக்கும் சேர்ந்து கட்டியாக அடைத்திருந்தது. பாக்ஸ் சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற வழியில்லை, அதுதான் சீல் வழியாக ஆயிலைத் தள்ளியது. புது சீல் போட்டிருந்தாலும் இது நின்றிருக்காது. ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் இரும்புத் தூள் அடையாக இருந்தது. ஆயில் மாற்றியவன் அதைத் துடைக்காமல் மூடுவானா?

46,000 ரூபாய்க்கு ஒரு பேஸ்ட் டியூப்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து கேட்டேன். தொழிலுக்கு வாங்கிய சேவை என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை, சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்துகிற தொழில் என்றால் மட்டும் உண்டாம். எழுதிப் போட்டிருக்கிறேன், பார்க்கலாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கழற்றிய சீலையும் வடித்த ஆயிலையும் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரீதரைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போக வேண்டும். அந்தத் தளம் எது என்று கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், புகார் முடியட்டும்.