தட்டில் முழுப் படமும் இருக்கோ? வன்னியில் பழைய படங்கள் சேர்ப்பவர்களுக்கு ஒரு நீண்டகாலப் பயன்பாட்டுக் குறிப்பு

பழைய தமிழ்ப் படங்கள் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "கொப்பி கிளியரோ?" என்றுதான். விசிடி, டிவிடி, வீடியோக் கசட் மூன்றையும் வருடக்கணக்காகப் போட்டுப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகியவர்கள் கேட்பது வேறு: "முழுப் படமும் இருக்கோ?" கண்ணாடி மாதிரித் தெரிகிற டிவிடியில் இரண்டு பாட்டும் ஒரு நகைச்சுவைப் பகுதியும் காணாமல் போயிருக்கும். நிறம் மங்கி, அடியில் கோடு ஓடுகிற கசட்டில் அதே படம் எழுத்தோட்டத்திலிருந்து 'சுபம்' வரை அப்படியே இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் கசட்டை வையுங்கள். மங்கலைக் கொஞ்சமாவது திருத்தலாம். வெட்டி எறிந்த காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முழுசா, குறையா என்பதைக் கணக்கிலேயே பிடிக்கலாம். இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் சில விநாடி நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி, படத்தின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 மில்லிமீற்றர் சுருளில் அடிக்கு 16 பிரேம், அதாவது தனித்தனிப் படம். விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி. நீளம் மீற்றரில் இருந்தால் 27.4 ஆல் பிரியுங்கள். சான்றிதழில் 15,750 அடி என்றிருந்தால் படம் 175 நிமிடம். என்டிஎஸ்சி என்கிற வட அமெரிக்க ரீவி முறையில் வந்த டிவிடி என்றால் இதே 175 வரவேண்டும். எங்கட ரீவி முறையான பால் (PAL) முறைத் தட்டு என்றால் விநாடிக்கு 25 பிரேம் ஓடுவதால் நேரம் 4 வீதம் சுருங்கி 168 நிமிடம் காட்டும். ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று குழம்ப வேண்டாம். குரல் மட்டும் ஒரு பொட்டு கீச்சாகக் கேட்கும். ஆனால் அதே பால் தட்டு 145 நிமிடத்தில் முடிந்தால் 23 நிமிடம் போய்விட்டது என்று அர்த்தம். சான்றிதழையே வெட்டிவிட்ட தட்டும் உண்டு. அப்படியானதை வாங்கும்போது விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

விசிடியில் பெட்டியைத் திறந்த உடனேயே சந்தேகப்படலாம். ஒரு தட்டில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம்தான் பிடிக்கும். இரண்டு தட்டில் 148 முதல் 160 நிமிடம். மூன்று மணி நேரப் படம் இரண்டு தட்டில் வந்திருந்தால் அது வெட்டுப்பட்ட படம், போட்டுப் பார்க்கவே தேவையில்லை. மூன்று தட்டுப் பெட்டி கண்டால் கட்டாயம் எடுங்கள். மூன்றாவது தட்டுச் செலவை மிச்சம் பிடிக்காத கம்பனி பெரும்பாலும் படத்திலும் கை வைத்திருக்காது.

'ஒரே தட்டில் மூன்று படம்' டிவிடிகளைக் கடைசித் தெரிவாக வையுங்கள். மூன்று படம் என்றால் ஏழரை மணி நேரம். 4.7 ஜிபி தட்டில் அதை அடைத்தால் படத் தகவலுக்கு விநாடிக்கு 1.4 மெகாபிற் கூடக் கிடைக்காது. விசிடிக்கே 1.15 மெகாபிற் இருக்கிறது, அதன் பிரேமோ டிவிடியினதில் கால்வாசிதான். அதனால் மழைக் காட்சியிலும் புகையிலும் கூட்டு நடனத்திலும் டிவிடி படம் சதுரம் சதுரமாக உடைகிறது. பழைய மூன்று தட்டு விசிடி அதைவிட நிம்மதியாக ஓடும்.

இன்னொரு குறை, சதுரத் திரைக்கு எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்து அல்லது வெட்டி வைப்பது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973 இல். அதற்கு முந்திய படம் ரீவியின் அகலம் முழுவதையும் நிரப்பினால் எங்கோ பிழை. கதாநாயகியின் நெற்றிப் பொட்டைக் கிட்டப் பாருங்கள். வட்டப் பொட்டு கிடைமுட்டையாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள். பொட்டு வட்டமாக இருந்து தலைமுடி திரைக்கு மேலே போயிருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்ததைக் கணினியில் விஎல்சி என்கிற படம் ஓட்டும் மென்பொருளில் 4:3 என்று மாற்றிப் பார்க்கலாம். வெட்டியதற்கு மருந்தில்லை.

இப்போது ஏன் அவசரம் என்றால், புதிதாக அச்சடிப்பது நின்றுவிட்டது. 2007 இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 இந்திய ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது பழைய படங்கள் மலிந்து கிடந்தன. அந்த நிறுவனம் 2018 இல் கலைப்புக்குப் போய்விட்டது. இணையத்தில் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே ஏற்றுகிறவர்களில் பலர் கையில் இருப்பதும் இதே வெட்டுப்பட்ட தட்டுத்தான். உரிமைச் சிக்கல் வந்தால் அதுவும் ஒரே இரவில் போய்விடும்.

வன்னிக்குள் தேடுகிறவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முன்பு சீடிக்கடையாக இருந்து இப்போது போன் ரீலோட்டும் போன் உறையும் விற்கிற கடைகளில் விசாரியுங்கள். பின் இறாக்கையில் பழைய பெட்டிகள் கிடக்கும். ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட டிவிடிகள் லண்டன், ரொறன்ரோ வீடுகளில் இன்னமும் உண்டு. பெட்டியோடு கொண்டுவந்தால் பாரம். மேலுறைக் கடதாசியையும் தட்டையும் தனித் துணியுறையில் போட்டால் ஐம்பது படம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும்.

கையில் எடுத்த தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் கம்பனி அச்சு. ஊதாவோ பச்சை கலந்த நீலமோ என்றால் யாரோ கணினியில் எரித்த, அதாவது பதிந்த, கொப்பி, அதன் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் கெடும். விசிடியில் அடிப்பக்கக் கீறலைவிட எழுத்துப் பக்கக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் வெள்ளிப் படலம் அந்த மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. ஊசிமுனை அளவு வெளிச்சம் ஊடுருவினாலும் அந்த இடம் போய்விட்டது. டிவிடியில் படலம் 0.6 மில்லிமீற்றர்த் தகடு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எழுத்துப் பக்கக் கீறல் பெரிதாகப் பாதிக்காது.

செம்மண் புழுதியைச் சட்டைத் துணியால் துடைக்கவே கூடாது. அது உப்புத்தாள் மாதிரி அறுக்கும். ஓடுகிற தண்ணீரில் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, விரலால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தடவுங்கள், வட்டமாக அல்ல. எங்கட கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். கடைசி அலசலுக்குக் கராச்சில் விற்கிற, அசிட் கலக்காத பற்றரித் தண்ணி நல்லது.

அடுத்தது வாசித்தல். வாங்கிய தட்டை அந்தக் கிழமைக்குள் கணினியில் முழுதாக வாசித்துவிடுங்கள். ரீவியில் ஐந்து நிமிடம் ஓடியது என்பது சோதனை இல்லை. தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் பழுது அநேகமாக விளிம்பில், அதாவது படத்தின் முடிவில், இருக்கும்.

விசிடியில் படம் இருக்கும் டாட் (.dat) கோப்பைச் சாதாரணமாக இழுத்துப் போட்டால் பாதியில் பிழை சொல்லி நின்றுவிடும். காரணம் இது: தரவுச் சீடியில் ஒவ்வொரு செக்டருக்குள்ளும், அதாவது தட்டின் ஒவ்வொரு சிறு தகவல் துண்டுக்குள்ளும், இன்னோர் அடுக்குப் பிழைதிருத்தம் உண்டு. விசிடி அந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொள்கிறது. அதனால் 650 எம்பி தட்டில் 74 நிமிடம் பிடிக்கிறது, அதனால்தான் ஒரு கீறலும் தாங்காது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் திறந்து, செக்டருக்கு 2,352 பைற் வீதம் உள்ளதை உள்ளபடியே எடுங்கள். வாசிக்க முடியாத செக்டரை வெறுமையாக விட்டுத் தொடரச் சொல்லுங்கள். 74 நிமிடத் தட்டு சுமார் 780 எம்பி வரும். அரை விநாடி படம் குலைவதோடு சேதம் முடியும்.

டிவிடிக்கு மேக்எம்கேவி என்கிற மென்பொருள் போதும். அது படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எம்கேவி வகைக் கோப்பாக்கும். கீறல் தட்டென்றால் பழுதான தட்டை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள். முதல் ஓட்டத்தில் கடினமான இடங்களைத் தாண்டவிட்டு, அடுத்த ஓட்டத்தில் மூன்று தரம் முயலச் சொல்லுங்கள். எது வாசித்தது, எது வாசிக்கவில்லை என்று குறித்து வைக்கும் அதன் வரைபடக் கோப்பை அழிக்காமல் வைத்து, அதே தட்டை வேறு ட்றைவில் போட்டுத் தொடரலாம். ஒரு ட்றைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிப்பது அடிக்கடி நடக்கும். வெளி ட்றைவ் கிர்ரென்று சுழன்று நின்றால் தட்டைக் குறை சொல்ல முதல் மின்னைப் பாருங்கள். யுஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர்தான் தரும். தனிப் பவர் உள்ள ஹப்பில் போட்டால் பல 'பழுதான' தட்டுகள் வாசிக்கும். எந்தப் பிராந்தியத்து டிவிடியை வாசிக்கும் என்று சொல்கிற ட்றைவின் பிராந்திய எண்ணை ஐந்து தரம்தான் மாற்றலாம், கவனம்.

இடத்தை மிச்சம் பிடிக்க மறுபடி சுருக்க வேண்டாம். போனில் பார்க்க ஒரு சின்னக் கொப்பி தனியே செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

கசட்டுகள் தனிக் கதை. 2009 க்கு முன் வன்னிக்குள் இருந்தவற்றில் மிஞ்சியவை மிகக் குறைவு. இப்போது கைக்கு வருபவை பெரும்பாலும் வவுனியா, யாழ்ப்பாணம், அல்லது வெளிநாடு. கனடாவிலிருந்து வந்ததில் டி-120 என்று போட்டிருந்தால் அது என்டிஎஸ்சி, எங்கட பால் முறை டெக்கில் (கசட் ஓட்டும் பெட்டியில்) படம் உருளும். பிரான்சில் பதிந்தது அந்த நாட்டு ரீவி முறையான சீகாம் என்றால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கசட் பழுதென்று எறியாமல், எல்லா முறையும் ஓடுகிற டெக் ஒன்றைத் தேடுங்கள். புதிய டெக் உற்பத்தி 2016 இல் நின்றுவிட்டது. ஓடுகிற டெக் கண்டால் இரண்டாக வாங்குங்கள்.

கசட்டின் கண்ணாடித் துவாரத்தால் நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளக்க வேண்டும். மா தூவினது மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கிற தலை அடைபடும், பிறகு போடுகிற நல்ல கசட்டுக்கும் தொற்றும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு கிழமை வைத்துக் காயவிடுங்கள். பிறகு வெளியில், முகக்கவசம் போட்டு, ஐந்து ஸ்குறூவையும் கழற்றி மென்தூரிகையால் துடையுங்கள். இதற்கென ஒதுக்கிய பழைய டெக்கில் முழுதாக முன்னே ஓட்டி, முழுதாகப் பின்னே சுற்றிய பிறகே நல்ல டெக்குக்குக் கொண்டுபோங்கள்.

சத்தம் சரியாக வந்து படம் மட்டும் பூச்சி பறந்தால் தலை அழுக்கு. ஒலி வேறு தலையில் வாசிக்கப்படுவதால் இந்த வித்தியாசம். பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் சிக்கித் தலையை உடைக்கும். பிளக்கைக் கழற்றி, வெள்ளைக் கடதாசித் துண்டை 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோலில் நனைத்து, தலை பதித்த உருளையோடு அசையாமல் பிடித்து, மறுகையால் உருளையின் மேற்பக்கத்தைத் திருப்புங்கள். மேலும் கீழும் தேய்த்தால் தலை போச்சு. பாமசியில் கிடைக்கும் 70 வீத ஸ்பிரிற்றில் தண்ணீர் உண்டு, அது வேண்டாம். நாடா அறுந்தால் சாதாரண செலோரேப் ஒட்டாதீர்கள். வெக்கையில் பசை கசிந்து தலையில் ஏறும். ஒட்டுவதற்கான தனி நாடாவை, தலை தொடாத பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

கசட்டைக் கணினிக்குள் எடுக்க, டெக்கைக் கணினியோடு இணைக்கிற மலிவான யுஎஸ்பி குச்சி தனியே சரிவராது. பழைய நாடாவின் தள்ளாட்டத்தில் பிரேம் தவறி, அரை மணியில் உதடும் பேச்சும் பிரிந்துவிடும். டெக்குக்கும் குச்சிக்கும் நடுவில் பனசொனிக் இஎஸ்10 போன்ற டிவிடி ரெக்கோடர் ஒன்றை, அதில் பதியாமல், படம் கடந்துபோகிற வழியாக மட்டும் வைத்தால் தள்ளாட்டம் அடங்கும். பால் கசட்டுக்குப் பதிவு அளவு: படம் 720க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 பிரேம், ஒலி 48 கிலோஹேட்ஸ்.

சேமிப்பில் இரண்டு எதிரிகள். கார்த்திகை, மார்கழி மாரியில் ஈரம். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி. மர அலுமாரியின் கீழ்த்தட்டும் சீமெந்துச் சுவரோடு ஒட்டிய இடமும் கூடாது. சொப்பிங் பைக்குள் கட்டி வைத்தால் உள்ளே வியர்க்கும். ரப்பர் வளையம் போட்ட டப்பா, 20 லீற்றருக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல். செம்மஞ்சள் நிறத்தது பச்சையானால் 120 பாகை அவணில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீல நிறத்ததில் கோபால்ற் உண்டு, சமையல் அவணில் வைக்க வேண்டாம். அரிசி போடுவது வண்டைத்தான் வரவழைக்கும்.

கோப்புகளுக்கு ஹாட் டிஸ்க் இரண்டு, ஒன்று வேறு ஊரில். டிஸ்க்கை எக்ஸ்ஃபற் (exFAT) முறையில் வடிவமைத்தால் எழுதும்போது கரண்ட் போனால் முழுக் கோப்புப் பட்டியலும் குழம்பலாம். என்டிஎஃப்எஸ் (NTFS) முறை தாங்கும்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு மேலே சொன்ன எந்தத் தரமும் பார்க்காதீர்கள். 1977 இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978 இல் வந்த 'வாடைக்காற்று' போன்றவற்றின் எந்தப் பதிவும், பாதியானாலும், கோடு விழுந்தாலும், எடுத்து வைக்க வேண்டியது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்த பிறகு எங்கட படங்களுக்கு மூலச்சுருளை நம்பியிருக்க முடியாது. வீட்டு டெக்கில் ரீவியிலிருந்து பதிந்த கசட் என்றால் மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் கடைசி அடி வரை ஓட்டிப் பாருங்கள். கலியாண வீட்டுப் பதிவு முடிகிற இடத்துக்குப் பின்னால் பழைய படம் ஒன்றின் கடைசி ரீல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வேலையாக, முதுகுப் பக்கத்து இடது மூலைப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுங்கள், யாரும் மேலே பதிய முடியாது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டு: படப் பெயர், சான்றிதழ் நீளம், தட்டின் நேரம், எந்த நிமிடத்தில் என்ன இல்லை, வாசித்த திகதி, எந்த ட்றைவ். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மாரியில் ஊறித் தட்டில் ஒட்டும்.