கிம்ப்பா, ஃபோட்டோஷாப்பா? பழைய கோப்பை வைத்து ஒரு கணக்கு

ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டுமே கணினியில் படங்களைத் திருத்தும் மென்பொருள்கள். பல வருடம் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்துவிட்டு, இப்போது முழுக்க கிம்ப்புக்கு வந்துவிட்டேன். அதனால் இந்த அலசல் கிம்ப் பக்கம்தான் சாயும்.

வெட்டுவது, நிறம் திருத்துவது, மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) போட்டுப் பின்னணியை நீக்குவது இவற்றுக்கு இரண்டுமே போதும். கிம்ப் இலவசம், ஃபோட்டோஷாப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது பழைய கோப்புகள். ஒரு படத்தை முடித்துக் கொடுத்து மூன்று வருடம் கழித்து, அதில் ஒரு தேதியை மட்டும் மாற்றச் சொல்லி வருவார்கள். எல்லாம் ஒரே படமாகச் சேர்ந்துவிட்ட ஜேபெக் கோப்பு அப்போது உதவாது. லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனிப் படலம்) கலையாத மூலக் கோப்பு வேண்டும், அதைத் திறக்கும் மென்பொருளும் வேண்டும். ஃபோட்டோஷாப்பை ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழி 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றது. அதற்கப்புறம் சந்தாதான். சந்தாவை நிறுத்தினால் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும், ஆனால் அதை உருவாக்கிய மென்பொருள் கைவிட்டுப் போகும். ஃபோட்டோஷாப்பின் மூலக் கோப்பான பிஎஸ்டியை கிம்ப் 3.0 திறக்கும்தான், ஆனால் எழுத்து லேயர் வெறும் படமாகத்தான் வரும். தேதியை மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பில் இந்தக் கவலை இல்லை. பழைய பதிப்பில் சேமித்ததைப் புதிய பதிப்பு திறக்கிறது. மூலநிரல் திறந்தே இருப்பதால், நாளை யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைப் படிக்கும் கருவியை எழுதலாம்.

ஃபோட்டோஷாப்பின் பலத்தையும் சொல்ல வேண்டும். மூலப்படத்தைத் தொடாமல் நிறம் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் அதில் 1996இலேயே வந்துவிட்டது. கிம்ப்பில் ஃபில்டர்களை (படத்தின் தோற்றத்தை மாற்றும் விளைவுகளை) அப்படிப் பிறகு மாற்றிக்கொள்ளும் வசதி 2025இல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. தலைமுடி ஓரங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஃபோட்டோஷாப் தெளிவாக முந்துகிறது.

அச்சு வேலை நான் அதிகம் செய்ததில்லை. அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேயிலேயே திருத்த வேண்டியவர்களுக்கு கிம்ப் சரிவராது. மூலநிரல் திறந்த மென்பொருள்களிலேயே கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் அதைச் செய்கிறது.

மாறப்போகிறவர்கள் சந்தா முடிவதற்குள் முக்கியமான பிஎஸ்டி கோப்புகளை ஒவ்வொன்றாக கிம்ப்பில் திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயர், அளவு, நிற எண் மூன்றையும் தனியே குறித்து வையுங்கள். எனக்கு அதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.